அன்யெஹோவை எலுமிச்சையில் ஊற்றாதீர்கள்

மெக்சிகோவின் குவாடலஹாராவில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் முதல் கேள்வி, "நல்ல டெக்கிலா எதுடா?" அடுத்தது விலை. அப்புறம் ஒரு உத்தரவு: "வரும்போது இருக்கிறதிலேயே ரொம்பப் பழசா ஒண்ணு வாங்கிட்டு வா." விஸ்கியில் பழகிய நம் ஆட்களுக்கு வயது ஏற ஏற ருசியும் ஏறும் என்பதில் சந்தேகமே கிடையாது. பன்னிரண்டு வருடத்தை விடப் பதினெட்டு வருடம் உசத்தி, அதைவிட இருபத்தைந்து உசத்தி. டெக்கிலாவில் இந்தக் கணக்கு கொஞ்ச தூரம்தான் வரும். அதற்கு மேல் விலை மட்டும் ஏறும். காக்டெயில் கலக்க ஆரம்பித்தால் கணக்கு தலைகீழாகவே போய்விடும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக விளக்கி அலுத்துவிட்டது. இனிமேல் கேட்கிறவர்களுக்கு இந்தப் பதிவின் இணைப்பை அனுப்பிவிடப் போகிறேன்.

பாட்டில் மேல் இருக்கும் பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். டெக்கிலா என்பது அகாவே என்கிற நீலக் கற்றாழையிலிருந்து (நம் ஊர்ச் சோற்றுக் கற்றாழை அல்ல) வடிக்கும் சரக்கு. அதை மரத்தில் வைக்காமலோ, இரண்டு மாதத்துக்குக் குறைவாக வைத்தோ அடைத்தால் பிளாங்கோ. ஓக் மரத்தில் இரண்டு மாதமாவது இருந்தால் ரெப்போசாடோ. ஒரு வருடம் தாண்டினால் அன்யெஹோ. மூன்று வருடம் தாண்டினால் எக்ஸ்ட்ரா அன்யெஹோ. கடைசி வகை 2006இல்தான் விதிகளில் சேர்ந்தது. அன்யெஹோவுக்கும் அதற்கு மேற்பட்டதற்கும் பீப்பாய் 600 லிட்டரைத் தாண்டக் கூடாது. ரெப்போசாடோவுக்கு அந்த வரம்பு கிடையாது. குழப்பம் முழுக்க இங்கேதான். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் மரத்தொட்டியில் மூன்று மாதம் கிடந்ததும் ரெப்போசாடோதான், 200 லிட்டர் பீப்பாயில் பதினொரு மாதம் கிடந்ததும் ரெப்போசாடோதான். முதலாவதில் மரம் தொட்டும் தொடாமலும் இருக்கும். இரண்டாவதில் சில அன்யெஹோக்களை விட அதிகமாக இருக்கும். அதனால் ‘ரெப்போசாடோ எப்படி இருக்கும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்த ரெப்போசாடோ என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, பாட்டிலில் ‘100% அகாவே’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கலப்பு. சர்க்கரையில் 51 சதவீதம் நீலக் கற்றாழையிலிருந்து வந்தால் போதும், மீதி கரும்பிலிருந்தோ வேறெதிலிருந்தோ வரலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. அந்த வகையை இந்தப் பதிவில் தொடப்போவதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால் நான்கு கம்பெனிகளின் நான்கு பாட்டிலை வரிசையாக வைக்காதீர்கள். ஒரே வடிசாலையின் பிளாங்கோ, ரெப்போசாடோ, அன்யெஹோ மூன்றையும் வாங்கி, ஒரே மாலையில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். அப்போதுதான் மூலச்சரக்கு எது, மரம் சேர்த்தது எது என்று பிரித்துப் பார்க்க முடியும். என் சிபாரிசு சியெத்தே லெகுவாஸ். குவாடலஹாராவுக்குக் கிழக்கே, மேட்டு நிலத்தில் இருக்கும் அடோடோனில்கோ எல் ஆல்டோ என்ற ஊரில் 1952இல் ஆரம்பித்தது. பெயர் மெக்சிகோ புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவின் குதிரையுடையது. இன்று உலகம் முழுக்க விற்கும் பட்ரோன் டெக்கிலாவை ஆரம்ப காலத்தில் வடித்துக் கொடுத்ததும் இவர்கள்தான். 2002 வாக்கில் பட்ரோன் சொந்த வடிசாலைக்குப் போய்விட்டது. சியெத்தே லெகுவாஸில் வெந்த கற்றாழையின் ஒரு பகுதியை இன்னமும் தஹோனா என்கிற பெரிய கல் சக்கரத்தில் கோவேறு கழுதையைக் கட்டி நசுக்குகிறார்கள். நாரோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். அதனால் கற்றாழை வாசனை தூக்கலாக இருக்கும். மரம் அதை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கு இப்படி அழுத்தமான சரக்குதான் வசதி.

வெந்த கற்றாழை எப்படி இருக்கும் என்று தெரியாமல் இதெல்லாம் பேசுவது வீண். டெக்கிலா என்ற ஊருக்குப் போகும் சாலையோரங்களில் அடுப்பில் வெந்த துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு விற்பார்கள். பழுப்பு நிறம், பிசுபிசுவென்று இருக்கும். கரும்பு மாதிரியே மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்ப வேண்டும். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனிப்பு, அடியில் லேசான கசப்பு, கடைசியில் ஒரு பச்சை வாசனை. அந்தச் செடி ஆறேழு வருடம் வயலில் நின்று, இலைகளையெல்லாம் கோவா என்கிற வட்டக் கத்தியால் சீவி, நடுவே இருக்கும் பீன்யாவைப் பிளந்து, செங்கல் அடுப்பில் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ அவித்த பிறகு வரும் ருசி அது. பழைய டெக்கிலாவைக் குடிக்கும்போது நான் தேடுவது அதைத்தான். பீப்பாயில் எத்தனை வருடம் என்பதை விட, பீப்பாய்க்குப் பிறகும் கற்றாழை மிச்சம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சரி, கோப்பைகளுக்கு வருவோம். கபாயீத்தோ என்கிற ஒல்லியான ஷாட் கோப்பை வேண்டாம், மூக்கு உள்ளே போகாது. வயிறு அகலமாகவும் வாய் குறுகலாகவும் இருக்கும் ஒயின் கோப்பை போதும். உப்பு, எலுமிச்சை இரண்டையும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். முதல் மடக்கு வாயை நனைக்க மட்டும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், சாராயத்தின் காரம்தான் தெரியும். இரண்டாவது மடக்கிலிருந்துதான் ருசி பிடிபடும்.

சியெத்தே லெகுவாஸ் பிளாங்கோவில் வெந்த கற்றாழை, மிளகு, கொஞ்சம் புதினா, கொஞ்சம் ஈரமண். எட்டு மாத ரெப்போசாடோவில் அதே கற்றாழை அப்படியே இருக்கிறது, மிளகின் முனை மட்டும் மழுங்கியிருக்கும். வெனிலா இருக்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். மரம் இங்கே பின்பாட்டுதான் பாடுகிறது. இரண்டு வருட அன்யெஹோவில் நிலைமை மாறுகிறது. மூக்கில் முதலில் வருவது மரம், காய்ந்த அத்திப்பழம், லவங்கம். கற்றாழை இரண்டாவதாக வருகிறது, ஆனால் வருகிறது. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரங்களில் கட்டஞ்சாயாவின் துவர்ப்பு நிற்கும். இந்தத் துவர்ப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், காக்டெயிலில் காலை வாருவது இதுதான்.

ஐந்து வருடம் வைத்து எடுக்கும் தன்தான்யோ என்ற எக்ஸ்ட்ரா அன்யெஹோவும் இவர்களிடம் இருக்கிறது. ஆஸ்டினிலிருந்து வந்திருந்த கல்லூரி நண்பனுக்கு அதை எது என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்தான், குடித்தான், கண்ணை மூடினான்.

"மாப்ள, காக்னாக்கா?"

"இல்ல."

"அப்ப ரம். நல்ல ரம்."

"டெக்கிலாடா."

"போடா. உப்பும் எலுமிச்சையும் இல்லாம எப்படிடா இது டெக்கிலா?"

அவனைக் குறை சொல்ல முடியாது. அருமையான சரக்கு, அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு மடக்கில் அதைக் கற்றாழை என்று கண்டுபிடிக்கப் பழகிய மூக்கு வேண்டும். அந்தக் காசுக்கு நல்ல ரெப்போசாடோ சில பாட்டில்கள் வாங்கலாம். எனக்கு இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் யோசிக்க மாட்டேன்.

இப்படி ஆவதற்குக் காரணம் பீப்பாய். இங்கே பயன்படும் பீப்பாய்களில் பெரும்பகுதி அமெரிக்காவில் பர்பன் விஸ்கி வைத்திருந்தவை. பர்பனைப் புதிதாகக் கரித்த ஓக் கலனில்தான் வைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்வதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்களை அவர்கள் விற்றாக வேண்டும். ஸ்காட்லாந்தும் வாங்குகிறது, மெக்சிகோவும் வாங்குகிறது. அமெரிக்க ஓக்கில் வெனிலின் அதிகம், தேங்காய் வாசனை தரும் லாக்டோன்களும் அதிகம், லவங்க வாசனையின் யூஜினாலும் உண்டு. குவாடலஹாரா இருக்கும் ஹலிஸ்கோ மாநிலத்தின் வெயிலில் மரம் ஸ்காட்லாந்தில் வேலை செய்வதை விட வேகமாக வேலை செய்யும், சரக்கும் வேகமாக ஆவியாகும். ஸ்காட்ச்சுக்குப் பன்னிரண்டு வருடம் ஆரம்பம் என்றால் டெக்கிலாவுக்கு ஐந்து வருடமே முதுமை. இரண்டின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

மேட்டு நிலத்து டெக்கிலா பழ வாசனை, பள்ளத்தாக்கு டெக்கிலா மண் வாசனை என்று ஒரு பாடம் எல்லா மதுக்கடைகளிலும் ஓதுவார்கள். ஓரளவு உண்மை. ஆனால் கற்றாழை லாரி ஏறி எங்கே வேண்டுமானாலும் போகிறது. பீப்பாயில் ஒரு வருடம் கழிந்த பிறகு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர்களுக்குப் பெரிய கும்பிடு.

மறுமுனையைப் பார்க்க எர்ராடூரா ரெப்போசாடோவை எடுத்துக்கொள்ளுங்கள். குவாடலஹாராவிலிருந்து டெக்கிலா போகும் வழியில் அமாதித்தானில் இருக்கும் பழைய பண்ணை. 1974இல் ரெப்போசாடோவை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது தாங்கள்தான் என்பது இவர்கள் பெருமை. இவர்களுடைய ரெப்போசாடோ பீப்பாயில் பதினொரு மாதம் இருக்கிறது. ஒரு மாதம் கூட வைத்தால் அன்யெஹோ என்று எழுதிவிடலாம், எழுத மாட்டார்கள். கோப்பையில் வெளிர் தேன் நிறத்தைத் தாண்டிச் செம்பு நிறம். பட்டை, வறுத்த மரம், கேரமல், அதற்குக் கீழே கற்றாழை. சியெத்தே லெகுவாஸ் ரெப்போசாடோவும் இதுவும் ஒரே பெயரில் விற்கிற இரண்டு வேறு பானங்கள். ஒன்றுக்கு எழுதிய காக்டெயில் செய்முறையில் இன்னொன்றை ஊற்றினால் வேறொன்று வரும்.

இதற்கு நடுவே சர்க்கரைப் பூச்சு விவகாரம் ஒன்று இருக்கிறது. கேரமல் நிறம், ஓக் சாறு, கிளிசரின், சர்க்கரைப் பாகு என்ற நான்கையும், மொத்தத்தில் 1 சதவீதத்துக்கு மிகாமல், பாட்டிலில் எழுதாமலேயே சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. 100% அகாவே என்று எழுதிய பாட்டிலுக்கும் இது பொருந்தும். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். செறிவான வெனிலா ருசிக்கு ஒரு சதவீதம் ரொம்ப அதிகம். விமான நிலையங்களில் அழகான பாட்டிலில் உட்கார்ந்திருக்கும் சில அன்யெஹோக்கள் பிறந்தநாள் கேக் வாசனை அடிப்பது இதனால்தான் என்பது என் சந்தேகம். பெயர் சொல்லப் போவதில்லை. நீங்களே சோதித்துப் பாருங்கள். உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்து, காய்ந்த பிறகு மோந்து பாருங்கள். கற்றாழையோ மரமோ மணந்தால் சரி. வெறும் வெனிலா எசன்ஸ் மட்டும் மணந்து, கையும் ஒட்டினால், அந்த பாட்டிலைப் பரிசாகக் கொடுத்துவிடலாம். தனியாகக் குடிக்கும்போது கூட இது சமாளிக்கக்கூடியது. காக்டெயிலில் நாமும் இனிப்புச் சேர்ப்பதால் இரட்டிப்பாகித் திகட்டும்.

இப்போது கலக்கலாம். தலைப்பில் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எலுமிச்சைச் சாறு போகிற எந்தக் கலவையிலும் அன்யெஹோ வேண்டாம். மரத்தின் துவர்ப்பும் சாற்றின் புளிப்பும் சேர்ந்தால் நாக்கு சுருங்கும். அதைச் சரிக்கட்ட இனிப்பைக் கூட்டுவீர்கள், அப்போது வெனிலா முன்னால் வந்து நிற்கும், கற்றாழை போயே போய்விடும். கடைசியில் கையில் இருப்பது விலை உயர்ந்த சர்பத். ‘பிரீமியம் மார்கரீட்டா’ என்று பட்டியலில் போட்டு அன்யெஹோ ஊற்றும் ஓட்டல்கள் எல்லா நகரத்திலும் இருக்கின்றன. விலையை ஏற்ற அது நல்ல வழி, அவ்வளவுதான்.

மார்கரீட்டாவுக்கு பிளாங்கோ, அல்லது மரம் மெல்லியதாக இருக்கும் ரெப்போசாடோ. ரெப்போசாடோவுக்கு நான் செய்வது சான் பிரான்சிஸ்கோவின் டாமிஸ் உணவகத்தில் ஹூலியோ பெர்மெஹோ பிரபலப்படுத்திய முறை. மார்கரீட்டாவில் வழக்கமாகச் சேரும் ஆரஞ்சு மது இதில் கிடையாது. 60 மில்லி டெக்கிலா, 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி கற்றாழைப் பாகு. ஆரஞ்சு மதுவை எடுத்துவிட்டதால் பீப்பாயின் சன்னமான வாசனைக்கு இடம் கிடைக்கிறது, கற்றாழைப் பாகு கற்றாழைக்குத் துணை நிற்கிறது. ஒரு திருத்தம் மட்டும். இங்கே கிடைக்கும் சின்ன, விதையுள்ள, மெல்லிய தோல் எலுமிச்சை நம் ஊர் எலுமிச்சையேதான். ஆசியாவில் பிறந்து ஸ்பானியர்களோடு கப்பல் ஏறி வந்தது. அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் விதையில்லாத பெரிய காயை விட இதற்குப் புளிப்பும் வாசனையும் அதிகம். அதனால் நான் 25 மில்லியில் நிறுத்திக்கொள்வேன். சென்னையில் கலக்குகிறவர்களுக்கும் அதே அளவு. ஐஸ் நிறையப் போட்டு, ஷேக்கர் கையில் ஒட்டுகிற அளவுக்குக் குளிரும் வரை குலுக்குங்கள். உப்பு கோப்பையின் பாதி விளிம்புக்கு மட்டும். வேண்டாத மடக்கில் கோப்பையைத் திருப்பிக்கொள்ளலாம்.

டெக்கிலாவில் பம்பளிமாஸ் சோடா ஊற்றும் பலோமாவில் ரெப்போசாடோ சுமார்தான். பம்பளிமாஸ் சோடாவின் கசப்புக்கு பிளாங்கோவின் மிளகுதான் எடுபடும். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

எர்ராடூரா மாதிரி மரம் தூக்கலான ரெப்போசாடோவுக்குச் சரியான இடம் கசப்பு. ரோசீட்டா என்று ஒரு கலவை இருக்கிறது, ஜின்னில் செய்யும் நெக்ரோனிக்குத் தங்கை முறை. 45 மில்லி ரெப்போசாடோ, கேம்பாரி என்கிற கசப்பான சிவப்பு மது, இனிப்பு வெர்மூத், உலர் வெர்மூத் (மூலிகை சேர்த்த ஒயின்) மூன்றும் தலா 15 மில்லி, அங்கோஸ்துரா என்கிற கசப்பு மசாலாச் சாறு ஒரு சொட்டு. ஐஸில் கிளறி, எலுமிச்சைத் தோலைத் திருகிப் போடுங்கள். கேம்பாரியின் கசப்பு முன்னால் போகும், மரம் நடுவில் தாங்கும், கற்றாழை கடைசியில் வந்து கையெழுத்துப் போடும். உலர் வெர்மூத் இல்லாமல் செய்தால் கனமாகிவிடும், அதை மட்டும் விடாதீர்கள். டெக்கிலாவே பிடிக்காது என்று வந்தவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் கோப்பை இதுதான்.

பழைய டெக்கிலாவைக் கலவையில் மரியாதையாக நடத்த முடியும் என்று நிறையப் பேருக்குக் காட்டியது, விஸ்கியில் செய்யும் ஓல்ட் ஃபேஷண்டின் டெக்கிலா வடிவமான ஒஹாக்கா ஓல்ட் ஃபேஷண்ட். நியூயார்க்கின் டெத் அண்ட் கோ மதுக்கூடத்தில் 2007இல் ஃபில் வார்ட் உருவாக்கியது. 45 மில்லி ரெப்போசாடோ, 15 மில்லி மெஸ்கால் (புகை வாசனையுள்ள இன்னொரு கற்றாழைச் சரக்கு), ஒரு தேக்கரண்டி கற்றாழைப் பாகு, அங்கோஸ்துரா இரண்டு சொட்டு. ஆரஞ்சுத் தோலைத் தீக்குச்சியில் காட்டிக் கோப்பை மேல் பிழிய வேண்டும், எண்ணெய் பொறி பறக்கும். அவர் பயன்படுத்திய எல் டெசோரோ ரெப்போசாடோவும் கற்றாழை தூக்கலான, அராந்தாஸ் ஊரின் தஹோனா சரக்குதான். மெஸ்காலின் புகை, பீப்பாய் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிறது. கால் பங்குக்கு மேல் மெஸ்கால் போனால் எல்லாமே அடுப்படியாகிவிடும்.

அன்யெஹோவுக்கு என் வீட்டுச் சரக்கு இதிலிருந்து வந்ததுதான். மெஸ்காலை எடுத்துவிட்டேன், கற்றாழைப் பாகையும் எடுத்துவிட்டேன். முதலில் இந்த ஊர்ப் பிலோன்சீயோவை வைத்துச் செய்தேன். அது அச்சுவெல்லம்தான், கூம்பு வடிவில் விற்பார்கள். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அம்மா பெட்டியில் போட்டு அனுப்பிய உடன்குடிக் கருப்பட்டி வந்து சேர்ந்தது. கருப்பட்டியை உடைத்து, எடைக்குப் பாதி தண்ணீர் விட்டு, சிறு தீயில் கரைத்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்வேன். ஃபிரிட்ஜில் சில வாரம் தாங்கும். 60 மில்லி அன்யெஹோ, 5 மில்லி கருப்பட்டிப் பாகு, அங்கோஸ்துரா இரண்டு சொட்டு, பெரிய ஐஸ் கட்டி ஒன்று, அரை நிமிடக் கிளறல், ஆரஞ்சுத் தோல். பதநீர் காய்ச்சும்போது ஏறும் புகையும் லேசான உப்புக் கரிப்பும் கருப்பட்டியில் தங்கியிருக்கும். அன்யெஹோவின் லவங்கமும் அத்திப்பழமும் அதோடு ஒட்டிக்கொள்கின்றன. ரெப்போசாடோவில் இதைச் செய்தால் கருப்பட்டி அதை மூடி மறைத்துவிடும். பளிங்கு மாதிரிப் பாகு வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஆகாது. கலங்கலாகத்தான் இருக்கும்.

இந்த மாதிரிச் சாறு சேராத கலவையில் பாட்டிலின் வீரியத்தைப் பார்க்க வேண்டும். டெக்கிலா 35 முதல் 55 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. மெக்சிகோவுக்குள் விற்கும் பல பாட்டில்கள் 35 அல்லது 38தான். அமெரிக்காவுக்குப் போவது 40. பாட்டில் ஒன்று போலவே இருக்கும், மூலையில் சின்ன எழுத்தில் எண் மட்டும் வேறாக இருக்கும். 35இல் ஓல்ட் ஃபேஷண்ட் செய்தால் ஐஸ் கரைந்த இரண்டு நிமிடத்தில் மரம் நனைத்த தண்ணீர். இங்கிருந்து ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வயதை அல்ல, அந்த எண்ணைத்தான்.

மன்ஹாட்டன் காக்டெயிலில் விஸ்கிக்குப் பதில் அன்யெஹோ ஊற்றலாம், இரண்டு பங்குக்கு ஒரு பங்கு இனிப்பு வெர்மூத். வெர்மூத் தேர்வில் கவனம் வேண்டும். எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடும் கார்பானோ ஆன்டிகாவில் வெனிலா நிறைய. பீப்பாய் வெனிலா மேல் அந்த வெனிலாவும் உட்கார்ந்தால் கோப்பை மந்தமாகிவிடும். கசப்புக் கூடிய புன்ட் எ மெஸ் இதற்கு எவ்வளவோ தேவலை.

கிறிஸ்டலீனோ பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அன்யெஹோவையோ எக்ஸ்ட்ரா அன்யெஹோவையோ கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துத் தண்ணீர் போலாக்கி விற்பது. டான் ஹூலியோ 70 என்ற பாட்டில் வந்த பிறகு இது காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. குவாடலஹாராவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மேசைக்கு ஒன்று நிற்கும், பக்கத்தில் சோடா, பம்பளிமாஸ் பானம், ஐஸ் வாளி. கரி நிறத்தோடு துவர்ப்பையும் கொஞ்சம் கற்றாழையையும் கொண்டுபோய்விடுகிறது. மிஞ்சுவது வழவழப்பும் இனிப்பும். இரண்டு வருடம் பீப்பாயில் வைத்துச் சேர்த்ததை ஒரு மதியத்தில் வடிகட்டி எடுப்பதற்கு எதற்கு இவ்வளவு பாடு என்று எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் சோடாவும் நிறைய ஐஸும் சேர்த்து, மே மாத வெயிலில், கல்யாண வீட்டுக் கூடாரத்துக்குக் கீழே அது நன்றாக இறங்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எக்ஸ்ட்ரா அன்யெஹோவைக் கலக்காதீர்கள். அவ்வளவுதான், இதில் விளக்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு, ஐஸ் இல்லாமல், கூட ஒரு துண்டு கறுப்புச் சாக்லேட்.

கடைசியாக, விலை குறைந்த ஒரு ரெப்போசாடோ பாட்டிலில் பாதி மிச்சம் இருந்து, தனியாகக் குடிக்கவும் மனம் வராமல், ரோசீட்டாவுக்கும் தேறாமல் நிற்கிறதென்றால், பத்தாங்கா செய்யுங்கள். டெக்கிலா ஊரில் லா கபீய்யா என்ற சின்ன மதுக்கூடத்தில் டான் ஹவியர் தெல்காதோ கொரோனா கண்டுபிடித்தது. 2020இல் அவர் காலமாகிவிட்டார், கூடம் இன்னமும் இருக்கிறது. உயரமான கோப்பையின் விளிம்பில் உப்பு, உள்ளே ஐஸ், அரை எலுமிச்சை, டெக்கிலா, மேலே கோலா. இவ்வளவு நேரம் மரத்தின் துவர்ப்புக்கு எலுமிச்சை ஆகாது என்றவன் இதை மட்டும் எப்படிச் சொல்கிறான் என்று கேட்பீர்கள். இங்கே எலுமிச்சை கொஞ்சம்தான், கோலாவின் வெனிலாவும் மசாலா வாசனையும் பீப்பாயின் வெனிலாவோடும் லவங்கத்தோடும் ஏற்கெனவே உறவு, துவர்ப்பை கோலாவின் இனிப்பு விழுங்கிவிடும். அவர் இதைக் கலக்கியது கரண்டியால் அல்ல, எலுமிச்சையும் மிளகாயும் வெண்ணெய்ப்பழமும் வெட்டுகிற நீளக் கத்தியால். அந்தக் கத்தியின் ருசிதான் ரகசியம் என்று ஊரில் கதை சொல்வார்கள். எனக்கு ருசியில் வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் நானும் கத்தியால்தான் கலக்குகிறேன், கழுவ ஒரு கரண்டி குறையும்.